தப்பொலியும் கொழுந்து விரலும்

இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். லயங்களில் விளக்கு ஏறும். பெரட்டுக் களத்தில் பேர் பதியப்படும். ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களில் நம் முன்னோரின் நாள் இவ்வாறே பிறந்தது. பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைக் கூலி போயிற்று. ஓசை கேட்டால் நகரும், ஓசை நின்றால் நிற்கும் கைகால்கள் என்றே நிர்வாகம் அவர்களைக் கணக்கிட்டது. அக்கணக்கு பிழையானது என்பதற்கு அக்காலத்து விஞ்ஞானமே சான்று.

1868இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் டொண்டர்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு சைகை, அதற்கு ஒரே அசைவு என்றால் மனிதன் விரைந்து இயங்குகிறான். பல சைகைகளுள் இன்னதற்கு மட்டுமே இயங்கு என்றால் சற்றே தாமதிக்கிறான். கண்ணிமைப்பினும் சிறிய அத்தாமதம், மூளை தெரிவு செய்ய எடுக்கும் நேரம். 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கத்துக் கால் அசையக் கண்டனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1869இல்தான் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. கோப்பி மாண்டது, தேயிலை வந்தது.

கோப்பிப் பழம் பருவத்தில் பறிப்பது. தேயிலையோ ஆண்டு முழுதும் தளிர்ப்பது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்க வேண்டும். முற்றிய இலையையும் மொட்டு உறங்கிய தளிரையும் பிரித்தறிய வேண்டும். தப்பொலி ஒரே சைகை. செடியின் தலைப்போ நூறு சைகை! கண் கண்டதைப் பின்மூளை வாங்குகிறது. உச்சிமடல் கொழுந்தின் இடத்தை அளக்கிறது. முன்மூளை 'எடு' என்றோ 'விடு' என்றோ தீர்மானித்து முள்ளந்தண்டின் வழியே விரலுக்கு ஆணை விடுக்கிறது. சிறுமூளை பிசகைத் திருத்துகிறது. செங்குத்துச் சரிவில், முதுகில் கூடையோடு, அட்டை கடிக்கும் காலோடு இத்தனையும் நடக்கிறது. இரு கைகளும் வெவ்வேறு தளிரை நாடுவதை நின்று பார்த்தவர் இதனை எளிய வேலை என்று சொல்லத் துணியார்.

ஆயினும் அதனைத் தேர்ச்சியற்ற வேலை என்றே வகுத்தார்கள். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி விதிக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களோ பெரும்பாலும் பெண்கள்! தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்னும் அவ்வேற்றுமை செக்ரோலில் தொடர்ந்தது. 1984இல்தான் இருபாலார்க்கும் ஒரே நாட்கூலி வந்தது.