ஏழு அணிகளுக்கு ஒரு கோப்பை

1953 மே 8 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே செட்ஜ்ஃபீல்ட் இன் என்ற விடுதியில் ஏழு கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பழைய கூட்டமைப்பிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போவதென்று முடிவு செய்தார்கள். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி, அன்று பிறந்தது. மேரிலாந்து, கிளெம்சன், டியூக், வட கரோலினா, என்.சி. ஸ்டேட், தென் கரோலினா, வேக் ஃபாரஸ்ட் ஆகியவையே அந்த ஏழு. அந்த ஆண்டு முடிவதற்குள் வர்ஜீனியாவும் வந்து சேர்ந்தது. பிரிவுக்கு முக்கியக் காரணம் அமெரிக்கன் ஃபுட்பால். சீசன் முடிந்தபின் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களுக்குப் போகக்கூடாது என்று பழைய கூட்டமைப்பு தடை விதித்திருந்தது. அந்த விடுதி அறையில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து யாருக்கும் பெரிய கவலையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

அதே கான்ஃபரன்ஸின் ஆண்கள் கால்பந்து சாம்பியன்ஷிப் டோர்னமென்ட், இன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிகக் கடினமானவற்றில் ஒன்று என்பது என் எண்ணம். அது தொடங்கியது 1987-ல். இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டால் கூடைப்பந்து மைதானத்துக்குத்தான் போகவேண்டும்.

எவரெட் கேஸ் என்ற கோச் 1946-ல் இந்தியானாவிலிருந்து என்.சி. ஸ்டேட்டுக்கு வந்தார். இந்தியானாவில் பள்ளிக் கூடைப்பந்து ஒரு திருவிழா. வெற்றி பெற்ற அணி வளையத்தின் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர்தான் வட கரோலினாவுக்குக் கொண்டுவந்தார். 1954-ல் முதல் ஏசிசி கூடைப்பந்து டோர்னமென்ட் ராலேயில், அவருடைய ரெனால்ட்ஸ் அரங்கத்திலேயே நடந்தது. ஃபைனலில் கூடுதல் நேரம் வரை போய், வேக் ஃபாரஸ்டை 82-80 என்று என்.சி. ஸ்டேட் வென்றது. சீசன் முழுக்க யார் முன்னணியில் இருந்தாலும், அந்த மூன்று நாளில் ஜெயித்தவனே சாம்பியன். தேசியப் போட்டிக்கும் அவன் ஒருவன்தான் போவான்.

இது கொடூரமான விதி. 1974 ஃபைனலில் என்.சி. ஸ்டேட்டும் மேரிலாந்தும் மோதின. இரண்டுமே நாட்டின் தலைசிறந்த அணிகள். கூடுதல் நேரத்தில் 103-100 என்று மேரிலாந்து தோற்று வீட்டுக்குப் போனது. வென்ற என்.சி. ஸ்டேட் தேசியச் சாம்பியனாகவே ஆனது. அவ்வளவு நல்ல அணிக்கு இடமில்லையா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைத் தேசியப் போட்டிக்கு அனுமதித்தார்கள். அந்த வட்டாரத்து ரசிகனுக்கோ பழக்கம் ஊறிவிட்டது. லீக் பட்டியலில் முதலிடம் என்பது ஒரு தகவல். டோர்னமென்ட்டில் வென்றால்தான் பட்டம்.

கால்பந்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அப்போது பயனிருந்திருக்காது. 1953 முதல் 1960-களின் இறுதிவரை லீக் பட்டம் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போனது: மேரிலாந்து. அதன் கோச் டாய்ல் ராயல் டென்னிஸ் அணிக்கும் கோச்சாக இருந்தவர். 1968-ல் மிஷிகன் ஸ்டேட்டுடன் 2-2 என்று டிரா செய்து தேசியப் பட்டத்தையும் அவர் அணி பகிர்ந்துகொண்டது. முடிவு முன்பே தெரிந்த ஒரு லீக்குக்கு நாக்-அவுட் எதற்கு?

நிலைமையை மாற்றியவர் ஐ.எம். இப்ராஹிம். பாலஸ்தீனத்தின் ஹைஃபாவில் பிறந்தவர். கிளெம்சனில் 1967-ல் கால்பந்து அணியை அவர்தான் தொடங்கிவைத்தார். தென் கரோலினாவின் அந்தச் சிற்றூர் அமெரிக்கன் ஃபுட்பாலைத் தவிர வேறு எதையும் பெரிதாகக் கொண்டாடாத ஊர். அங்கே நைஜீரியா, ஜமைக்கா, கயானா என்று கால்பந்தில் வளர்ந்த பையன்களை அழைத்துவந்து ஆடவைத்தார். 1970-களில் லீக் கிளெம்சனின் கைக்கு மாறியது. 1984-ல் தேசிய ஃபைனலில் இந்தியானாவை 2-1 என்று வென்றது கிளெம்சன். இந்தியானா அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் சாம்பியன். இப்ராஹிமைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்படவேண்டும். ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேர்பிடிக்க ஒரே ஒரு பிடிவாதக்காரர் போதும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? வர்ஜீனியாவில் 1978 முதல் புரூஸ் அரீனா. டியூக்கில் ஜான் ரென்னி. 1986-ல் டியூக் தேசியச் சாம்பியன் ஆனது. எந்த விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த முதல் தேசியப் பட்டம் அதுதான், கூடைப்பந்துக்கு ஐந்து ஆண்டு முன்பே! வேக் ஃபாரஸ்டுக்கு அமெரிக்கத் தேசிய அணியின் முன்னாள் கோச் வால்ட் சிசோவிச் வந்தார். என்.சி. ஸ்டேட்டில் டாப் ராமோஸ் ஆடினார். வர்ஜீனியாவில் ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா. 1990 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காக இவர்கள் மூவரும் இறங்கினார்கள்.

ஆக, கால்பந்து ஆடிய ஏழு ஏசிசி அணிகளில் யாரும் யாரையும் வீழ்த்தலாம் என்ற நிலை 1980-களின் நடுவில்தான் வந்தது. 1987-ல் டோர்னமென்ட் தொடங்கியது அதனால்தான் பொருத்தமாக இருந்தது. பெண்களுக்கான டோர்னமென்ட் அதற்கு அடுத்த ஆண்டு.

முதல் கோப்பை வட கரோலினாவுக்கு. கோச் ஆன்சன் டோரன்ஸ். அவரைப் பெண்கள் கால்பந்தின் பெரும் பெயராகத்தான் உலகம் அறியும். அப்போது அவர் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே நேரத்தில் பொறுப்பு. அதே 1987-ல் அவருடைய பெண்கள் அணி தேசியச் சாம்பியன்.

ஆண்களுக்கோ வேறு கதை காத்திருந்தது. ஏசிசி கோப்பை கைக்கு வராத கிளெம்சன், தேசியப் போட்டிக்குள் கடைசியாக நுழைந்த அணிகளில் ஒன்று. செமிஃபைனலும் ஃபைனலும் அதன் சொந்த ரிக்ஸ் ஃபீல்டில் நடந்தன. செமிஃபைனலில் எதிரே வந்தது வட கரோலினா, புத்தம்புது ஏசிசி கோப்பையோடு. கிளெம்சன் 4-1 என்று வென்றது. பிறகு ஃபைனலில் சான் டியேகோ ஸ்டேட்டை 2-0.

1974-ன் கூடைப்பந்து விதி அப்படியே இருந்திருந்தால் கிளெம்சன் அந்த மைதானத்தில் கால்வைத்தே இருக்க முடியாது. கால்பந்து டோர்னமென்ட் பிறந்தபோது அந்தக் கத்தியின் கூர் மழுங்கியிருந்தது. தோற்றவனுக்கும் ஒரு கதவு திறந்திருந்தது. இதனால் கோப்பையின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வென்றவனுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. சீசனில் தடுமாறிய அணிக்கு நவம்பரில் அது உயிர்நாடி. மேல்நிலையில் இருப்பவனுக்கு, பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்காமல் இருப்பதே போதுமான காரணம். டியூக்கிலிருந்து வட கரோலினாவுக்குச் சாலையில் அரைமணி நேரம்கூட ஆகாது.

அடுத்த கோப்பைகள் வர்ஜீனியா, வேக் ஃபாரஸ்ட், என்.சி. ஸ்டேட் என்று ஆளுக்கொன்றாகப் போயின. முதல் நான்கு ஆண்டில் நான்கு வெவ்வேறு சாம்பியன்கள். அதன்பின் அரீனாவின் வர்ஜீனியா 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை எடுத்துக்கொண்டது. கிளாடியோ ரெய்னா அந்த அணியில் ஆடிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் பட்டமும் வர்ஜீனியாவுக்கே. 1984 முதல் 1994 வரையான பதினொரு தேசியப் பட்டங்களில் எட்டு, பகிர்ந்துகொண்ட 1989-ஐயும் சேர்த்து, ஏசிசி அணிகளுடையவை. ஒருவரை ஒருவர் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியதன் பலன் அது.

2021-ல் ஏசிசி கோப்பையை நோத்ர் டேம் வென்றது. தேசியச் செமிஃபைனலில் அதை நிறுத்தியது கிளெம்சன், பெனால்டியில். பிறகு வாஷிங்டனை வென்று கிளெம்சன் சாம்பியன் ஆனது. 1987-ன் அதே கதை, முப்பத்து நான்கு ஆண்டு கழித்து. 2022-ல் சிரக்யூஸும் 2023-ல் கிளெம்சனும் இரண்டு கோப்பைகளையும் ஒரே சீசனில் தூக்கின.

முதல் ஏழில் மேரிலாந்து இப்போது இல்லை. 2014-ல் பிக் டென்னுக்குப் போய்விட்டது. 2024-ல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் சதர்ன் மெதடிஸ்டும் சேர்ந்தன. கால்பந்தில் மட்டும் அணிகள் பதினைந்து. பசிஃபிக் கடற்கரையிலிருந்து ஓர் அணி, அட்லாண்டிக் பெயர் கொண்ட கோப்பைக்காக நாட்டின் குறுக்கே பறந்து வட கரோலினாவின் கேரி நகரத்து மைதானத்தில் இறங்க ஆசைப்படுகிறது.