அரண்மனை மேடும் ஆலய விமானமும்

மன்னர் வாழ்ந்த மாளிகை எது, மன்னர் வணங்கிய கோயில் எது என்று வினவினால், முன்னதற்கு ஒரு மண்மேட்டையும் பின்னதற்கு வானளாவிய ஒரு விமானத்தையும் காட்டும் நாடு சோழநாடு. முடியுடை வேந்தர் தாம் உறைந்த இல்லத்தைச் செங்கல்லாலும் மரத்தாலும் சமைத்தனர். இறைவன் உறையும் இல்லத்தைக் கருங்கல்லால் எடுத்தனர். காலம் இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தது. எஞ்சியது எது, எஞ்சியதற்குக் காரணம் யாது என்பதை நேரிற் கண்டு தெளியும் நோக்குடன் யாம் சென்றுவந்த ஏழு நாள் யாத்திரையின் பயனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

எமது சங்கத்து இளைஞர் எழுவரும் மூத்தோர் ஐவருமாகப் பன்னிருவர் காங்கேசன்துறையிற் கப்பலேறினோம். 2023 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் தொடங்கிய இக்கப்பற் சேவை, நம் முன்னோர் பாய்மரத்தில் நாட்கணக்கிற் கடந்த கடலைச் சில மணித்தியாலங்களிற் கடக்க வைக்கின்றது. நாகபட்டினத்தில், வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக எம்முடன் சேர்ந்தார். சைவனாகிய இராசராசன் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தது இந்நாகையிலேதான் என்று அவர் தொடங்கிய பேச்சு, ஏழு நாளும் ஓயவில்லை. பேச்சு ஓயாத வழிகாட்டி வாய்ப்பதும் ஒரு பாக்கியமே.

கங்கைகொண்ட சோழபுரம்

இராசேந்திர சோழன் வடநாட்டுப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின் அமைத்த தலைநகர் இது. ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைமைப்பதியாய் விளங்கியது. இன்று அங்கே ஒரு சிற்றூரும் அதன் நடுவே ஏறத்தாழ 180 அடி உயர்ந்த விமானமும் உள்ளன. உமையொருபாகன் சண்டேசுரர் தலையிற் கொன்றைமாலை சூட்டும் சிற்பத்தின் முன் எம்முள் மூத்தவரான அம்மையார் ஒருவர் கண்ணீர் மல்க நெடுநேரம் நின்றார்.

“கோயிலைப் பார்த்தோம், ஐயா. அரண்மனை எங்கே?” என்று எம் இளைஞருள் ஒருவர் கேட்டார். வழிகாட்டி யாதும் கூறாது எம்மை வானில் ஏற்றி, தென்மேற்கே இரண்டு கிலோமீற்றர் அளவில் உள்ள மாளிகைமேட்டுக்கு அழைத்துச் சென்றார். பெயரிலே மாளிகை இருக்கின்றது. கண்ணிற்குத் தெரிவது மேடு மாத்திரமே. 1980 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்து, செங்கற் சுவர்களின் அடித்தளங்களையும் கூரையோடுகளையும் வெளிப்படுத்தினர். கடல் கடந்து கடாரம் கொண்டவன் அரசிருக்கை இடுப்பளவு உயரமும் இல்லாத செங்கல் வரிசையாய்க் கிடக்கக் கண்டு யாம் பேசாது நின்றோம்.

ஆலயமும் தப்பியது முழுமையாக அன்று. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அயலிலே எளிதாகக் கிடைத்த கல் என்று கோயிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். தெய்வத்துக்கென அடுக்கிய கல் நீரைத் தடுக்கப் போயிற்று. அந்நீரால் வயல் விளைந்தது என்று ஆறுதல் கொள்வதேயன்றி வேறென் செய்வது!

அவ்விடத்திலேயே எம்முடன் வந்த மாணவி ஒருத்தி ஒரு வினாவை எழுப்பினாள். “நாங்கள் இந்த மேட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். அநுராதபுரத்தை அழித்தது யார், ஐயா?” மூத்தோர் ஒருவரை ஒருவர் நோக்கினர். உண்மையை மறைத்தல் வரலாறு ஆகாது. இராசராசன் காலத்திலே, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், சோழர் படை அநுராதபுரத்தைப் பாழாக்கியது. 1017 ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து முடியையும் கவர்ந்து சென்றது. அம்மன்னன் பன்னிரண்டு ஆண்டு சோழநாட்டிலே சிறையிருந்து அங்கேயே மாண்டான். பொலனறுவையிற் சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் கல்லாய் நிற்கின்றது. அதைக் கண்டு பெருமைப்படும் நாம், அநுராதபுரத்து எரிந்த சுவர்களுக்கும் ஒருமுறை தலைகுனிதல் முறை. தம்மூர் இடிந்ததற்கு மாத்திரம் அழுபவர் வரலாற்றின் பாதியையே படித்தவராவர்.

தஞ்சை

1010 ஆம் ஆண்டிற் கடவுண்மங்கலம் கண்ட பெரிய கோயிலின் பெருமையை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடல் ஆகாது. அக்கோயிற் சுவர்களிலே அரசன் தந்ததும், அக்கன் குந்தவை தந்ததும், தேவியர் தந்ததும், ஏனையோர் தந்ததும் ஒருங்கே வெட்டப்பட்டுள்ளன. ஆடல்மகளிர் நானூற்றுவர் பெயரும், அவர் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டிற் குடியிருந்தனர் என்பதும் அங்கே உள. ஈழத்து ஊர்கள் சிலவும் அக்கோயிலுக்கு வருவாய் அளித்தமையை அச்சுவர் கூறும். அந்நெல் எவர் வயலில் விளைந்தது, மனமுவந்து கொடுத்ததா அன்றிக் கொண்டுசெல்லப்பட்டதா என்பதை அது கூறாது.

இராசராசன் வாழ்ந்த மாளிகையின் சுவரொன்றையேனும் இன்று காண முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கி, மாடமாளிகைகளை இடித்தான். இடித்தவன் ஒன்றை மாத்திரம் விட்டான். அது பதினாறு கால் மண்டபம் ஒன்று. கரிகாலன் பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்கு வழங்கியது என்பதனால் அதற்குத் தீங்கு செய்யவில்லை என்று திருவெள்ளறைக் கல்வெட்டு கூறும். பகைவன் வீட்டை எரித்தவனும் புலவன் பெற்ற பரிசிற்கு அஞ்சினான். இதனைக் கேட்ட எம் இளைஞர்கள் தம்மையறியாது கைதட்டினர்.

இன்று தஞ்சையிலே காணும் அரண்மனை நாயக்கர் எடுத்து மராட்டியர் விரித்தது. இதன் அவையிலிருந்துதான் இரகுநாத நாயக்கன் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பினான். 1619 இல் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயர் கைப்பட்டான்; பின்னர்க் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அவன் கைப்பட்டபின், நம் நாட்டை மீட்க வந்தது தஞ்சைப் படையே. கடலைக் கடந்த அச்செயலை அவன் அவைப்புலவர் வடமொழியிற் பாடினர்; போரில் வென்றவரோ போர்த்துக்கேயர். கோவை என்றதும் கொங்குநாட்டு ஊரென மயங்கற்க. மேலைக் கடற்கரையிலுள்ள கோவாவே அது.

இரகுநாதன் மகன் விசயராகவன் 1673 இல் மதுரைப் படையோடு பொருது மாண்டான். மகளிர் பகைவர் கைப்படாதிருத்தற் பொருட்டு அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது என்பர். அவ்வரண்மனையின் முற்றத்தில் நின்று இதைக் கேட்டபோது, அரசர் புகழ் பேசும் நூல்கள் எழுதாது விட்ட பக்கங்கள் எத்தனையோ என்று எண்ணினோம்.

ஆனால் இவ்வரண்மனையில் உயிரோடிருக்கும் பகுதி ஒன்று உண்டு. அது சரசுவதி மகால் நூலகம். ஆட்சியுரிமையைக் கும்பினியாரிடம் இழந்து, கோட்டையும் உதவிப்பணமும் மாத்திரமே எஞ்சிய இரண்டாம் சரபோசி மன்னர் (1798 – 1832), வாளெடுக்க இயலாத கையால் ஏடெடுத்தார். நாயக்கர் காலந்தொட்டு வந்த சுவடித் தொகுதியைப் பலமடங்காகப் பெருக்கினார். 1855 இல் அரசு மறைந்தது. 1918 இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அரியணை மண்டபத்திலே பார்வையாளர் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நூலகத்திலே ஓர் இளைஞர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். அந்நாளில் யாம் கண்டவற்றுள் சிறந்த காட்சி அதுவே.

மதுரை

திருமலை நாயக்கர் (1623 – 1659) மாளிகையின் தூண்களின்கீழ் நிற்பவர் தம்மைச் சிறுபிள்ளையாக உணர்வர். இன்று நாம் காண்பது பழைய மாளிகையின் நாலிலொரு பங்களவே என்பர். எஞ்சியதை இடித்தவர் அந்நியர் அல்லர். அவர் பேரனாகிய சொக்கநாத நாயக்கரே. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டன் கட்டியதைப் பெயர்த்து அங்கே கொண்டுசென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பித்திராவிடில் இதுவும் மற்றொரு மேடாகியிருக்கும். பின்னர் நெடுங்காலம் அங்கு நீதிமன்றம் நடந்தது. அரசன் வீடு மக்கள் வழக்குரைக்கும் இடமான பின்பே நிலைத்தது போலும்.

மீனாட்சியம்மன் சந்நிதியில் எம் மூத்தோர் ஒருவர், “கண்டீர்களா? அரண்மனை ஒருவனுடையது, அதனால் அழிந்தது. கோயில் எல்லாருடையது, அதனால் நின்றது” என்றார். யாவரும் தலையசைத்தோம். ஆனால் வழிகாட்டி மெல்ல நகைத்து, “எல்லாருடையது என்று எப்பொழுதிருந்து சொல்கிறீர்கள், ஐயா?” என்றார். 1939 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் இவ்வாலயத்தினுள் நுழைந்தனர். அந்நாள் வரை, இவ்வாலயத்தைச் சுற்றி வாழ்ந்தோருள் ஒரு பெரும்பகுதியினர் கோபுரத்தை வெளியே நின்றுதான் கும்பிட்டனர். நம் நாட்டு நிலையும் வேறன்று. மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968 இல். அக்காலத்தை நேரிற் கண்ட மூத்தவர் எம்மோடு இருந்தார். “தம்பிமாரே, அப்பொழுது நான் பக்கத்திலே நின்றேன். உள்ளே போக வந்தவர்களின் பக்கத்தில் அன்று” என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். அன்றிரவு விடுதியில் எவரும் அதைப்பற்றி அவரைக் குற்றங் கூறவில்லை. அவர் அதைச் சொன்னதே பெரிது.

சேதுநாடு

இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைக் கண்டு, இராமேசுவரத்தில் நீராடி வழிபட்டோம். அங்கே எம் யாத்திரையின் முடிச்சு அவிழ்ந்தது. 1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி முற்றத்திற் சொற்பொழிவாற்றி, கடல் கடந்து பாம்பனை அடைந்தார். அவரை வரவேற்ற பாஸ்கர சேதுபதி மன்னர், குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு மக்களாய்த் தாமே வண்டியை இழுத்தார். இராமேசுவரம் ஆலயத்திலே பேசிய சுவாமிகள், எளியோரிடத்தும் பிணியாளரிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்றார். அரண்மனையும் ஆலயமும் தத்தம் மதிலைத் தாண்டி வெளியே வந்த நாள் அது. அவ்விரண்டும் நிலைபெறும் வழியும் அதுவே என்று தெளிந்தோம்.

நல்லூர்

ஊர் திரும்பிய மறுநாள், எவரும் அழைக்காமலே பன்னிருவரும் நல்லூரிற் கூடினோம். பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை, கோயிலும் இல்லை என்ற நிலையில் நூறாண்டுக்கு மேல் கழிந்தது. பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734 ஆம் ஆண்டளவில், கோயில் மீண்டும் எழுந்தது. அரண்மனை எழவில்லை. கருங்கல்லே கோயிலைக் காத்தது என்று யாத்திரையின் தொடக்கத்தில் எண்ணியிருந்தோம். நல்லூரிலே கல்லும் போயிற்று. ஆலயத்தை மீட்டது, மூன்று தலைமுறை கடந்தும் மறவாத மக்கள் மனமே.

அங்கிருந்து நடந்து சங்கிலித்தோப்பு வளைவையும், மந்திரிமனையையும், யமுனா ஏரியையும் கண்டோம். இன்றுள்ள வளைவும் மனையும் பிற்காலத்தன என்று அறிஞர் கூறுவர். ஆயினும் அரசிருந்த மண்ணின் நினைவைச் சுமந்து நிற்பன அவையே. சோழனின் மேட்டைக் காணக் கடல் கடந்து சென்ற எம்மிற் பலர், அன்றாடம் கடந்துபோகும் இம்மனையினுட் காலெடுத்து வைத்ததில்லை. நாணினோம்.

இளைஞர்காள்! புதிதாய் ஒரு கோபுரம் எழுப்பப் பணம் சேர்ப்பது இந்நாளில் எளிது. இருக்கும் பழஞ்சுவரைக் காப்பதும், அதன் வரலாற்றை வருவோர்க்குப் பிழையின்றிச் சொல்வதும் அரிது. தொல்லியல் துறையினரின் இசைவோடு செய்யத்தக்க துப்புரவுப் பணி எதுவோ அதனை அறிந்து செய்யவும், மாதந்தோறும் ஒரு ஞாயிறன்று பாடசாலைப் பிள்ளைகளை நல்லூரின் பழைய இடங்களுக்கு அழைத்துச் சென்று விளக்கவும் யாம் உறுதி கொண்டோம். முதல் ஞாயிறன்று வழிகாட்டியாக முன்வந்தவர், மதுரையிலே தாழ்ந்த குரலிற் பேசிய அம்மூத்தவரே. பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்வேன் என்றார். கேட்க வாருங்கள்.