நியாய விலைக்கு அள!

"பசித்தவன் எடுத்தாலும் அது திருட்டா, சார்?" என்று எங்கள் சிம்பாங் அம்பாட் தோட்டப் பள்ளியில் ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன வரலாறு இது.

நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய சென்னையில், 1918 செப்டம்பரில் கடைத்தெருக்கள் சூறையாடப்பட்டன. முதல் உலகப் போர்க் காலம் அது. கப்பல்கள் போருக்குப் போயின; பர்மா அரிசி வரத்துக் குறைந்தது; பருவமழையும் பொய்த்தது. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. கூலியை நம்பி வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வணிகர்கள் பதுக்குகிறார்கள் என்ற பேச்சும் பரவியது.

சூறையாடியவர்கள் திருட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆலைத் தொழிலாளரும் ஏழை எளியவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மாகாணத்தின் வேறு சில ஊர்களில், கூட்டம் எடுத்தவுடன் பூட்டை உடைக்கவில்லை. "நியாய விலைக்கு அள" என்றுதான் முதலில் கேட்டது. மறுத்த இடத்தில் கொள்ளை நடந்தது. போலீசார் சுட்டனர், பலரைச் சிறையில் அடைத்தனர். பிறகுதான் அரசு விலைக் கட்டுப்பாட்டிலும் தீவிரமாக இறங்கியது.

மாணவி சற்று யோசித்தாள். "பதுக்காத கடைக்காரரும் இருந்திருப்பாரே, சார்! அவர் பிள்ளைகள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள்?" என்றாள்.