புளியமரத்துக் குழாயில் வந்த கானம்

குடவோலைச் சாசனத்தைக் காண வருவோர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஆயினும் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் சரித்திரத்தில், கல்லில் ஏறாத ஓர் அத்தியாயம் ஆடித் திருவிழாவில் புளியமரக் கிளையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயைச் சார்ந்தது என்றே நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

கூழ் வார்க்கும் நாளில் வைகறையிலேயே மைக் செட்டுக்காரர் அரக்குத் தட்டைத் துணியால் துடைத்து, புது ஊசி மாட்டி, சாமி காரியம் போலவே அதைச் சுழலவிடுவார். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டு, பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷமே பாடும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்குப் பழகிய செவிகள், பல்லவியும் சரணமுமாகச் சுருங்கிய பாட்டில் மயங்கக் கற்றுக்கொண்டது அந்த அளவினாலேதான்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பட்டணத்தார் காசு கொடுத்துக் கேட்ட தியாகராஜ பாகவதரின் சாரீரத்தை, கொட்டகைக்குள் காலெடுத்து வைத்திராத கூலி ஜனங்களுக்கும், எந்தத் தெரு என்று பாராமல், அந்தக் குழாயே வாரி வழங்கியது. இதைவிடப் பெரிய சங்கீத தானத்தை நான் அறியேன்.

ஏரிப் பாசனக் கழனியில் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடியே, தட்டைத் திருப்பிப் போடும்வரை நடவை நிறுத்தி, காற்று வந்த திக்கை நோக்கி என் பாட்டி நின்றிருந்தாள்.