காற்றிலிருந்து வந்த சோறு

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், வன்னியில் ஒரு வயற்கரையில் முதிய விவசாயி ஒருவருடன் நின்றுகொண்டிருந்தேன். பெரும்போக நெல் கதிர் தள்ளும் பருவம். வழமையாக அந்த நாட்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரும்பச்சையாகத் தெரியும் வயல்வெளி, அவ்வாண்டு வெளிறிய மஞ்சள் நிறத்தில் கிடந்தது. பயிர் முழங்காலைத் தாண்டவில்லை.

"நோய் ஏதும் பிடிச்சிருக்கோ ஐயா?" என்று கேட்டேன்.

"நோயில்லைத் தம்பி, பசி. பயிருக்கும் பசிக்கும்தானே" என்றார் அவர்.

2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தது. நவம்பர் மாதத்தில் அத்தடை முற்றாக நீக்கப்பட்டபோதிலும் பெரும்போகத்துக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. அப்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வீழ்ச்சியடைந்தது. பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை.

சனத்தொகை பெருகுகிறது, வளங்கள் குறைகின்றன, மனிதகுலம் எப்படிப் பிழைக்கப் போகிறது என்ற கேள்வியைப் பலரும் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வியாகவே பேசுகின்றனர். உண்மையில் அது 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கேள்வி. அந்தக் கேள்விக்கு மனிதர் தேடிக்கொண்ட விடைகளின் வரலாறு, பெருமளவுக்கு, அந்த முதியவர் சொன்ன பயிரின் பசியைத் தீர்த்த வரலாறாகும்.

மல்தஸின் கணக்கு

1798ஆம் ஆண்டு இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் தோமஸ் றொபேர்ட் மல்தஸ் என்ற 32 வயது ஆங்கிலிக்கன் மதகுரு. தடையின்றி விட்டால் சனத்தொகை இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருக்கல் விகிதத்தில் வளரும். உணவோ ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டல் விகிதத்தில்தான் வளரும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பஞ்சமும் நோயும் போரும் நிரப்பும் என்பது அவரது வாதத்தின் சாரம். அப்போது உலகின் சனத்தொகை ஏறத்தாழ 100 கோடி.

மல்தஸ் வெறும் ஏட்டுச் சிந்தனையாளராக இருந்துவிடவில்லை. இந்தியாவை ஆளச் செல்லும் இளம் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பனி நடத்திய கல்லூரியில் 1805 முதல் 1834இல் இறக்கும்வரை அவர் பேராசிரியராக இருந்தார். பஞ்சம் என்பது இயற்கை போடும் கணக்கு, அதில் அரசு தலையிடுவது வீண் என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே வேரூன்றியதில் இவ்வகைப் போதனைக்குப் பங்குண்டு. 1876 - 78 காலப்பகுதியில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கி இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோது, இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சம் துரத்தியவர்களுள் பெருந்தொகையினர் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். மலையகத்தில் இன்று வாழ்வோர் பலரின் முன்னோர் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

மல்தஸ் போட்ட கணக்கில் மனிதனின் வாய் இருந்தது. அவனது கையும் மூளையும் இருக்கவில்லை. யார் உண்பது, யார் பட்டினி கிடப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பற்றிய பேச்சும் இருக்கவில்லை.

பறவை எச்சத்துக்காக நடந்த போர்கள்

பயிர் வளர நைதரசன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைதரசன்தான். ஆயினும் அதைப் பயிரால் நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. மின்னலும், அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் வாழ்வன உள்ளிட்ட நுண்ணுயிர்களுமே அதைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மண்ணில் சேர்த்தன. எங்கள் முன்னோர் பூவரசங்குழை தாழ்த்தியதும், வயலில் ஆட்டுப்பட்டி அடைத்ததும், பயறும் உழுந்தும் மாற்றுப்பயிராக விதைத்ததும் இந்த நைதரசனைத் தேடித்தான், அந்தப் பெயரை அவர்கள் அறியாதிருந்தபோதிலும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நகரங்கள் பெருத்தன. மண் களைத்தது. பேரு நாட்டுக் கரைக்கப்பால், மழையே காணாத சிஞ்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் நூறு அடிக்கும் மேலான உயரத்தில் குவிந்து கிடந்தது. குவானோ எனப்பட்ட அந்த எச்சத்தின் வலிமையை அங்குள்ள பழங்குடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1840களிலிருந்து அது கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. அதை வெட்டி ஏற்றியவர்களுள் பெரும்பாலானோர் ஆசை வார்த்தை காட்டிச் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள். கொடுமை தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் அவர்களுள் பலர். இங்கிலாந்தின் கோதுமை வயல் பசுமையாக இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகவில்லை.

1856இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு விசித்திரமான சட்டத்தை நிறைவேற்றியது. உரிமை கோரப்படாத தீவில் குவானோவைக் கண்டுபிடிக்கும் எந்த அமெரிக்கப் பிரஜையும் அத்தீவை அமெரிக்காவின் பெயரால் கைப்பற்றிக்கொள்ளலாம் என்பதே அச்சட்டம். 1864இல் ஸ்பெயின் சிஞ்சா தீவுகளைக் கைப்பற்றியமை ஒரு போருக்கே வழிகோலியது. ஆயினும் சிறிது காலத்தில் எச்சக் குன்றுகள் கரைந்து போயின. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்ததை மனிதன் சுமார் 35 ஆண்டுகளில் சுரண்டி முடித்தான்.

அடுத்து அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்பு. அதன் பொருட்டு 1879இல் சிலி ஒருபுறமும் பேருவும் பொலிவியாவும் மறுபுறமுமாகப் போர் மூண்டது. சிலி வென்றது. தன் கடற்கரை முழுவதையும் இழந்த பொலிவியா இன்றுவரை கடலில்லாத நாடாகவே இருக்கிறது.

யாருடைய பிழைப்பு?

1898ஆம் ஆண்டு செப்டெம்பரில், பிறிஸ்ரல் நகரில் கூடிய பிரித்தானிய விஞ்ஞானிகள் சங்கத்தின் கூட்டத்தில் அதன் தலைவர் சேர் வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கோதுமை உண்போர் தொகை பெருகுகிறது, புதிய விளைநிலம் இல்லை, சிலியின் வெடியுப்பும் தீரப்போகிறது, சில தசாப்தங்களில் பெரும் தட்டுப்பாடு வரும், காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் வழியை இரசாயனவியலாளர் கண்டுபிடிப்பதே மீட்சி என்பது அவர் பேச்சின் சுருக்கம். விஞ்ஞான ரீதியில் அது கூர்மையான பேச்சு.

ஆனால் அந்தப் பேச்சில் இன்னொரு விடயமும் இருந்தது. கோதுமை உண்ணும் வெள்ளை இனம் உலகில் தன் முதன்மையை இழந்து, கோதுமை உண்ணாத இனங்களால் நெருக்கித் தள்ளப்படும் என்பதே அவரது அச்சம். மனிதகுலத்தின் பிழைப்பைப் பற்றி ஒருவர் பேசும்போது, அவர் மனதிலுள்ள மனிதகுலம் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியத்தைக் குரூக்ஸின் உரை நமக்கு உணர்த்துகிறது. சனத்தொகைப் பெருக்கத்தைப் பற்றி அஞ்சும் எவரும் தம்மை மேலதிகமானவராக எண்ணுவதில்லை. மேலதிகமானவர் எப்போதும் மற்றவரே.

ஒரு கையில் அன்னம், மறு கையில் நஞ்சு

குரூக்ஸ் கேட்டதைச் செய்து காட்டியவர் பிரிற்ஸ் ஹேபர் என்ற ஜேர்மன் யூத விஞ்ஞானி. 1909ஆம் ஆண்டு ஜூலையில், உயர் அமுக்கத்திலும் உயர் வெப்பத்திலும் காற்றின் நைதரசனையும் ஐதரசனையும் ஓர் ஊக்கியின் துணையுடன் இணைத்து, துளித் துளியாக அமோனியாவைப் பெற்றார். அந்தத் துளியைத் தொழிற்சாலையாக்கியவர் கார்ல் பொஷ். ஆயிரக்கணக்கான பரிசோதனைகளின் பின்னர், 1913 செப்டெம்பரில் ஒப்பாவ் என்ற இடத்தில் உலகின் முதலாவது அமோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் வந்தது. பிரித்தானியக் கடற்படை சிலி வெடியுப்பு ஜேர்மனியை அடையாது தடுத்தது. பயிருக்கென்று பிறந்த அமோனியா வெடிமருந்தாயிற்று. ஹேபர் அத்தோடு நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் நச்சுவாயு திறந்துவிடப்பட்டதை முன்னின்று நடத்தியவர் அவரே. சில நாட்களின் பின் அவரது மனைவி கிளாரா இமர்வார், தாமும் ஓர் இரசாயனவியல் கலாநிதி, கணவரின் கைத்துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். போர் முடிந்ததும் 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு ஹேபருக்கு வழங்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1933இல் தாய்நாட்டை விட்டு வெளியேறிய அவர், மறு ஆண்டு சுவிற்சர்லாந்தில் காலமானார்.

1900இல் ஏறத்தாழ 160 கோடியாக இருந்த உலக சனத்தொகை, ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பின்படி 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. இன்று உலகில் வாழ்வோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் உணவு ஹேபர் கண்ட வழியில் உற்பத்தியாகும் பசளையில் தங்கியிருப்பதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். 1968இல் அமெரிக்கப் பேராசிரியர் போல் ஏர்லிக், 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று எழுதினார். அவர் எதிர்பார்த்த அளவில் அது நிகழவில்லை. நோர்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமையும் பிலிப்பைன்ஸின் ஐஆர்-8 நெல்லும், நம் நாட்டில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் தந்த எச்-4 போன்ற நெல்லினங்களும் விளைச்சலைப் பெருக்கின. அவ்வினங்களின் வெற்றி யூரியாப் பையோடு பிணைந்திருந்தது. 1946இல் 66 இலட்சமாயிருந்த இலங்கையின் சனத்தொகை 2012இல் 203 இலட்சமாக உயர்ந்தபோதும் அரிசியில் நாம் ஓரளவு தன்னிறைவு கண்டதன் இரகசியம் இதுவே.

ஒத்திவைக்கப்பட்ட எல்லை

அவ்வாறாயின் மல்தஸ் தோற்றுவிட்டாரா? அவர் சொன்ன எல்லையை நாம் அழித்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் அதை வேறோர் இடத்துக்குத் தள்ளி வைத்தோம். முதலில் பறவைத் தீவுகளுக்கு, பின்னர் பாலைவனத்துக்கு, இறுதியில் காற்றுக்கு.

காற்று தீராது என்பது உண்மை. ஆனால் அமோனியா செய்யத் தேவையான ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுகிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டு வாயு விலை எகிறியதும், உலகெங்கும் பசளை விலையும் கூடவே எகிறியது. பயிர் உண்ணாது விட்ட பசளை நைத்திரசு ஒட்சைட்டாக வளிமண்டலத்துக்குச் சென்று புவியைச் சூடாக்குகிறது. நீரோடு கலந்து நிலத்துள் இறங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடியிலுள்ள நீரே அங்குள்ளோரின் ஒரே சொத்து. தோட்டச் செய்கை மிகுந்த வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. சோறு தந்த அதே பொருள் கிணற்றைக் கெடுத்தது.

ஆகவே இரசாயனப் பசளையைக் குறைக்க வேண்டும் என்ற கருத்தில் தவறில்லை. ஆனால் மண்ணை மெல்ல மெல்லத் தேற்றி, சேதனப் பசளையைப் பெருக்கி, விவசாயிக்கு வழிகாட்டி, பல ஆண்டுகளில் செய்யவேண்டியதை ஒரு வர்த்தமானித் தாளால் ஒரே நாளில் செய்ய முற்பட்டதே 2021இன் தவறு. மருந்துக்குப் பழகிய நோயாளியின் மருந்தை ஒரே இரவில் நிறுத்துவதை எந்த வைத்தியரும் சிகிச்சை என்று சொல்லமாட்டார்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் இந்நாட்டிலேயே உண்டு. நைதரசனைப் போலப் பொசுபேற்றைக் காற்றிலிருந்து பெறமுடியாது. அது பெரும்பாலும் பாறையிலிருந்தே பெறப்படுகிறது. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவின் பெரும்பகுதியை 30 ஆண்டு காலத்துள் அகழ்ந்து ஏற்றுமதி செய்ய, பல்தேசியக் கம்பனி ஒன்றுடன் கூட்டு முயற்சி ஒன்றுக்கு அரசாங்கம் திட்டமிட்டது. அப்பகுதி விவசாயிகள் சிலரும் ஒரு விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றனர். வளங்களுக்கு அரசு உரிமையாளர் மட்டுமல்ல, இனிவரும் தலைமுறைகளுக்காகவும் அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் என்ற கோட்பாட்டை எடுத்துரைத்த நீதிமன்றம், முறையான ஆய்வும் அனுமதியும் இன்றி அத்திட்டத்தை முன்னெடுக்கக்கூடாது எனத் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. குவானோத் தீவுகளுக்கு நேர்ந்த கதி எப்பாவலைக்கு நேராது தடுத்தவர்கள் நிபுணர்களோ அமைச்சர்களோ அல்லர். அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்.

உலக சனத்தொகை 2080களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சமடைந்து, பின்னர் மெல்லக் குறையத் தொடங்கும் என்பது ஐ.நா. 2024இல் வெளியிட்ட மதிப்பீடு. முடிவில்லாத பெருக்கம் என்ற பழைய அச்சம் தணிந்து வருகிறது. தணியாத கேள்வி வேறு. இருப்பதை யார் பங்கிடுகிறார்கள், எவருடைய அறிவைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள், முடிவு பிழைத்தால் விலை கொடுப்பவர் யார் என்பதே அது. சிஞ்சா தீவின் சீனக் கூலியும், தென்னிந்தியப் பஞ்சத்தில் பெயர்ந்தவனும், மஞ்சளித்த வயலோரம் நின்ற எங்கள் விவசாயியும் அந்தக் கேள்வியின் விடையைத் தம் உடலால் அறிந்தவர்கள்.

அன்று விடைபெறும்போது அந்த முதியவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

"இந்தக் கணக்கைப் போட்டவை, ஒருக்காலாவது வயலுக்கை இறங்கிப் பாத்தவையே தம்பி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.