மாத்திரைக்குப் பின்னால் ஒரு டாக்டர், ஒரு டேட்டா ஆள்!

மருந்துக் கம்பெனி வேலைன்னு சொன்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது மெடிக்கல் ரெப்தான். தோளில் கனமான பை, இன் பண்ணின சட்டை, திண்டுக்கல் கிளினிக் வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக ராத்திரி வரை காத்திருப்பு. ஆனால், அவர் பையில் இருக்கும் மாத்திரை கடைக்கு வருவதற்கு முன்பே, 'இது வேலை செய்யும், ஆபத்தில்லை' என்று அரசுக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். அந்த ஆதாரத்தைத் தயார் செய்வதில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் டாக்டர். இன்னொருவர் எண்களோடு குடித்தனம் நடத்துகிறவர்.

கம்பெனிக்குள் போன டாக்டருக்கு ஊசி போடும் வேலை கிடையாது. எம்.பி.பி.எஸ், அதற்கு மேல் பெரும்பாலும் எம்.டி ஃபார்மகாலஜி முடித்தவர்கள் 'மெடிக்கல் அட்வைஸர்' ஆக நுழைகிறார்கள். ரெப் கொண்டுபோகும் பளபள நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது, பரிசோதனைக்கு வந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிப்பது, பக்கவிளைவுப் புகார்களை அலசுவது என்று நாள் ஓடும். உச்சியில் இருக்கும் நாற்காலி 'சீஃப் மெடிக்கல் ஆபீஸர்'. அந்த நாற்காலியையும் தாண்டிப் போனவர் வாஸ் நரசிம்மன். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்கு 1976-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, 2005-ல் நோவார்ட்டிஸில் சேர்ந்து, சீஃப் மெடிக்கல் ஆபீஸராக இருந்து, 2018-ல் 41 வயதில் அந்த நிறுவனத்துக்கே சி.இ.ஓ ஆனார். அதே ஆண்டு நோவார்ட்டிஸின் டிஜிட்டல் பிரிவுக்குத் தலைமையேற்றவர் பெர்ட்ரண்ட் போட்சன். அவர் அதற்கு முன் வேலை பார்த்தது பிரிட்டனின் ஆர்கோஸ் என்ற சில்லறை வியாபார நிறுவனத்தில்!

சரி, டேட்டா ஆளுக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த படிவத்தில் 65 கிலோ எடை 650 என்று பதிவாகியிருந்தால், அதைப் பிடிப்பவர் கிளினிக்கல் டேட்டா மேனேஜர். எத்தனை நோயாளிகள் தேவை, எதை வெற்றி என்று சொல்லலாம் என்பதையெல்லாம் பரிசோதனை தொடங்கும் முன்பே எழுதிவைப்பவர் பயோஸ்டாட்டிஸ்டீஷியன். ரிசல்ட் வந்த பிறகு பாஸ் மார்க்கை மாற்றக் கூடாது இல்லையா, அதுதான் விஷயம்.

இந்த இரண்டு நாற்காலிகளின் கனம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ரான்பாக்ஸி கதையைப் படிக்க வேண்டும். 2004-ல் அந்த இந்திய நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் ராஜிந்தர் குமார், ஒரு டாக்டர். ஆராய்ச்சித் தகவல்களைக் கவனித்தவர் தினேஷ் தாக்கூர், ஒரு பொறியாளர். எய்ட்ஸ் மருந்துகளுக்காகக் கொடுக்கப்பட்ட தரவுகளில் கோளாறு என்று தெரிந்ததும், 'எல்லா நாடுகளுக்கும் நாம் கொடுத்ததை எடுத்துப் பார்' என்றார் டாக்டர். தாக்கூரின் குழு தோண்டத் தோண்ட, செய்யாத சோதனைகளுக்கும் முடிவுகள் எழுதப்பட்டிருந்தது வெளியே வந்தது. குமார் அதை இயக்குநர்கள் குழு வரை கொண்டுபோனார்; பலனில்லை. இருவருமே வேலையை விட்டார்கள். 2005-ல் தாக்கூர் பெயரை மறைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதினார். 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்டிய தொகை 50 கோடி டாலர். அமெரிக்கச் சட்டப்படி தாக்கூருக்கு அதில் ஒரு பங்கு, சுமார் 4.8 கோடி டாலர் கிடைத்தது. அந்தப் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நடுவில் போன எட்டு வருஷத்தை யாரும் பேசுவதில்லை.

இதே டாக்டர்-டேட்டா ஜோடி நேர்மையாக வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையே சாட்சி. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டிலேயே மாத்திரை. மொத்தம் 193 பேர். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று 1959-ல் வந்த முடிவு, உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை மாற்றியது. நம்ம மாவட்டத்துக்கும் இந்தப் பழக்கம் புதுசில்லை. டாக்டர் சௌந்தரம் உருவாக்கிய காந்திகிராமம், 1960-களில் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் பிறப்புக் கணக்கை வீடு வீடாக எடுத்துத்தான் குடும்பநலத் திட்டத்தை நடத்தியது.

திண்டுக்கல்லில் இருந்து எப்படிப் போவது?

மருத்துவத்துக்கு 2022 ஜனவரியில் திறப்பு விழா கண்ட நம்ம அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பி.ஃபார்ம் என்றால் மதுரை மருத்துவக் கல்லூரியின் ஃபார்மசி கல்லூரி; ஃபார்ம்.டி முடித்தவர்கள் பக்கவிளைவுக் கண்காணிப்பு வேலைகளுக்கு நிறையப் போகிறார்கள். டேட்டா பக்கம் போக டாக்டராகவே இருக்க வேண்டியதில்லை. பி.எஸ்ஸி கணிதமோ புள்ளியியலோ படித்த பிள்ளைக்கு வேலூர் சி.எம்.சி-யில் எம்.எஸ்ஸி பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது. எஸ்.ஏ.எஸ் மென்பொருள் காசு கேட்கும். 'ஆர்' இலவசம், வீட்டு லேப்டாப்பிலேயே பழகலாம். சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல் தளத்தில் நடத்தியிருக்கும் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தைக் காசில்லாமல் கேட்கலாம். ஆரம்பச் சம்பளம் கண்ணைப் பறிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறுவது அனுபவத்தில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். 'மூணு மாசக் கோர்ஸ், நூறு சதவிகிதம் வேலை' என்று பணம் கேட்கும் பயிற்சி மையங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. அப்பா தோட்டத்தை அடகு வைக்கும் முன்னால், அங்கே படித்து வேலையில் இருக்கும் நாலு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் சாப்பிட்ட மாத்திரையால் உடம்பு தடித்தது, தலை சுற்றியது என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். இது இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்.