ஏரியும் துறையும்: தைப்பிங் வட்டாரம் கற்பிக்கும் வரலாறு

பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகருக்குச் செல்வோர் அங்குள்ள ஏரிப் பூங்காவைக் கண்டு களித்து மீள்வர். மேற்கே 8 கல் தொலைவிலுள்ள அதன் பழைய துறைமுகத்திற்குச் செல்வோர் மீனுணவு உண்டு, படகில் உலாவித் திரும்புவர். ஆண்டின் எம்மாதத்தும் இவ்விரண்டிடத்தும் மக்கள் கூட்டம் உண்டு. ஆயினும் ஏரியையும் துறையையும் சேர்த்து வைத்து நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்கின், இன்று நாம் பொழுதுபோக்கிடமாகக் கருதும் ஒவ்வொன்றும் முன்பு உழைப்பிடமாக இருந்தது என்பது புலனாகும். அவ்வுழைப்பில் தமிழர்க்கும் பங்குண்டு.

முதற்கண் இந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நம் இலக்கணம் பெரும்பொழுதைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுக்கும். தைப்பிங்கில் இப்பகுப்புச் செல்லாது. அங்கு ஆண்டு முழுதும் கார்காலமே எனலாம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை நகரை ஒட்டி எழுந்துள்ள மலைத்தொடர் தடுத்து மேலே தள்ளுகின்றது. மேலெழுந்த காற்று குளிர்ந்து மழையாகின்றது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வூரில், இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டும் வழக்கமும் முன்பு இருந்தது. பொழுது பொருந்தாவிடினும் நிலம் பொருந்துகின்றது. கிழக்கே குறிஞ்சி; மேற்கே நெய்தல்; இரண்டிற்கும் இடையே ஒரு காலை நேரத்துப் பயணமே. திணை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனி வரலாற்றுக்கு வருவோம். லாரூட் எனப்பட்ட இவ்வட்டாரத்தில் 1848-ஆம் ஆண்டளவில் வெள்ளீயம் வெட்டும் தொழில் தலையெடுத்தது. சுரங்கங்களின் உரிமை பற்றிச் சீனர் குழுக்களிடையே 1861 முதல் பூசல்கள் மூண்டன. 1874 சனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் ஆங்கிலேயர் தலையீடு நிலைத்தது. பூசல் ஓய்ந்தபின் ஊருக்குத் தைப்பிங் எனப் பெயரிட்டனர். பேரமைதி என்பது அச்சீனச் சொல்லின் பொருள். போரின் முடிவே பெயரான ஊர் இது.

வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் நீர் தேங்கிக் கிடந்தது. அவற்றைச் சீர்செய்து பூங்காவாக்கும் முயற்சி 1880-ஆம் ஆண்டில் தொடங்கியது. இதற்கு முன்னின்றவர் கர்னல் வாக்கர் என்பர். இன்று கிளைகளை நீரின்மேல் தாழ்த்தி நிற்கும் முதிய தூங்குமூஞ்சி மரங்கள் பின்னர் நடப்பட்டவை. ஆகவே தைப்பிங் ஏரி இயற்கை தந்த ஏரியன்று. மண்வெட்டி தந்த ஏரி. காலையில் அதன் கரையில் நடப்போர் தாம் சுற்றி வருவது ஒரு பழைய சுரங்கத்தின் விளிம்பு என்பதை உணர்வாராக.

சுரங்கத்தில் எடுத்த ஈயம் கடலை அடைந்தாலன்றிப் பொருளாகாது. தொடக்கத்தில் மாட்டு வண்டியும் யானையும் அதைச் சுமந்தன. மழை மிகுந்த நிலத்தில் வண்டிப்பாதை சேறாயிற்று. எனவே தைப்பிங்கிலிருந்து கடற்கழி வரை இருப்புப்பாதை அமைக்கப்பட்டு, 1885 சூன் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. மலாய் நாட்டில் ஓடிய முதற் புகைவண்டி இதுவே. துறைக்கு ஆளுநர் சர் பிரெடரிக் வெல்டின் பெயரால் போர்ட் வெல்ட் எனப் பெயரிட்டனர்.

இப்பாதையை அமைத்தவர் யாவர்? இலங்கையில் சாலைப் பணியில் பழகிய பயனியர் படையின் இரு பிரிவுகள் இதற்கென வரவழைக்கப்பட்டன. பின்னர் இருப்புப்பாதைகள் பெருகியபோது, யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும் நிலைய அலுவலராகவும் பணியாற்றினர். தென்னிந்தியத் தமிழர் பாதையைப் பேணும் கடும்பணியை ஏற்றனர். பெயர்ப் பதிவேட்டில் இடம்பெற்றோர் முன்னவர். தண்டவாளத்தின் அடியில் கல்லிட்டோர் பின்னவர்.

துறையின் வாழ்வு நெடிதன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயவளம் லாரூட்டை விஞ்சியது. 1903-இல் சிரம்பானிலிருந்து பிறை வரை இருப்புப்பாதை தொடர்ந்ததும், சரக்குகள் நேரே பினாங்கை நோக்கிச் சென்றன. 1937-இல் மாநிலத் தலைநகர்த் தகுதியும் தைப்பிங்கை விட்டு ஈப்போவுக்குச் சென்றது. இன்று துறையின் பெயர் கோல செபத்தாங். தண்டவாளம் இல்லை, வண்டியும் இல்லை. பழைய பயணச்சீட்டு அறையும் நிலையப் பெயர்ப்பலகையும் மட்டுமே எஞ்சின. அப்பலகையில் ஆங்கிலம், சாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்தும் உள்ளது. நாட்டின் முதல் இருப்புப்பாதையின் முடிவிடத்தில் நம் எழுத்து நிற்பது வெறும் அழகுக்கன்று. அதைப் படிக்கத் தெரிந்தவர் பலர் அவ்வண்டியில் வந்து இறங்கினர் என்பதற்கு அதுவே சான்று.

துறையைச் சூழ்ந்து மாத்தாங் கண்டற்காடு பரந்துள்ளது. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டுப் பேணப்படுகிறது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால், ஏறத்தாழ 30 ஆண்டு கழித்தே மறுபடி வெட்டுவர். வெட்டிய மரம் குவிமாடம் போன்ற செங்கற் சூளைகளில் பல நாள் மெல்ல வெந்து கரியாகும். இச்சூளைகளை எம்மாதமும் காணலாம். அக்டோபர் முதல் மார்ச்சு வரை வடபுலத்துப் பறவைகள் இக்கரைக்கு வந்து தங்கும். நிலவற்ற இரவுகளில் கழியோர மரங்களில் மின்மினி நன்கு விளங்கும்.

மழை பெய்யும் பிற்பகலுக்குத் தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் உண்டு. 1883-இல் தொடங்கிய இது மலாய் நாட்டின் முதல் அருங்காட்சியகம். ஏரிக்கு அப்பால், மலைக்குச் செல்லும் வழியில் போர்க்கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கு மேற்பட்டோர் அங்கு நினைக்கப்படுகின்றனர். அவருள் 500-க்கு மேற்பட்டோரின் பெயர் தெரியவில்லை. இந்தியப் படைவீரரும் அவருள் உளர். மாணவர் அங்குச் சற்று நேரம் வாளாவிருந்தால் போதும்; பாடம் தானே விளங்கும்.

இவற்றையெல்லாம் இன்று கூறுவதற்குக் காரணம் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்று நடப்பட்டது. பின்னர் இரப்பர் பெருகியபோது, பேராக்கின் தோட்டங்கள்தோறும் தமிழர் குடியேறிப் பால்மரம் வெட்டினர். அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின; மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லயங்கள் இடிந்தபின் அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றைக் காட்டச் சுவரும் இல்லை. சுரங்கக்குழி ஏரியாகி நிலைத்தது. துறை சுற்றுலாத் தலமாகி நிலைத்தது. தோட்டத்திற்கோ அத்தகைய மறுவாழ்வு வாய்க்கவில்லை. எனவே எஞ்சியுள்ள பொது இடங்களில் நம் முன்னோரின் தடத்தைப் படிக்கக் கற்பது இன்றியமையாத கடமையாகின்றது.

ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்ல விடுமுறையை எதிர்நோக்க வேண்டுவதில்லை. காலையில் ஏரி, நண்பகலில் அருங்காட்சியகம், மாலையில் துறை என ஒரே நாளில் முடியும். குடை மட்டும் மறவற்க. பெயர்ப்பலகையின் முன் நிற்கும்போது அதிலுள்ள தமிழ் வரியை மாணவர் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்க. அவ்வரி எவருக்காக எழுதப்பட்டது என்று அடுத்து வினவுக. அவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கும் மாணவன் வரலாற்று மாணவன் ஆகின்றான்.